ராட்டினத்தில் இடம் கிடைக்காத நான்கு பேர்

ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். ராக் இசைக்காரர்களைக் கௌரவிக்கிற உங்கள் அமைப்புக்கு, அமெரிக்காவின் க்ளீவ்லாந்துக்குப் போகிற மடலைத் தமிழில் எழுதுகிறானே என்று முகம் சுளிக்க வேண்டாம். டீப் பர்ப்பிள் என்ற இங்கிலாந்து ராக் பேண்டின் பாட்டுகளை ஒரு வரிகூடப் புரியாமல் வருஷக்கணக்கில் கேட்டவன் நான். நீங்கள் ஒரே ஒரு மடலைப் புரியாமல் வாங்கி வைத்துக்கொண்டால் குடி ஒன்றும் முழுகிப் போய்விடாது.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். 2016 ஏப்ரல் 8ஆம் தேதி, நியூயார்க் ப்ரூக்ளினில் இருக்கும் பார்க்லேஸ் சென்டரில் டீப் பர்ப்பிளை உங்கள் கௌரவப் பட்டியலில் சேர்த்து மரியாதை செய்தீர்கள். பட்டியலில் எட்டுப் பெயர்கள்: ரிச்சி பிளாக்மோர், ஜான் லார்ட், இயன் பெய்ஸ், ராட் எவன்ஸ், இயன் கில்லன், ராஜர் க்ளோவர், டேவிட் கவர்டேல், க்ளென் ஹியூஸ். சந்தோஷம். அப்புறம் பேண்ட் மேடையேறி வாசித்தது. பிளாக்மோர் விழாவுக்கே வரவில்லை, லார்ட் இறந்து நாலு வருஷம் ஆகப்போகிறது, அப்படியிருக்க கிட்டாரும் ஆர்கனும் இல்லாமல் 'ஹைவே ஸ்டார்' எப்படி நடந்தது என்று யாராவது யோசித்தீர்களா? கிட்டார் வாசித்தவர் ஸ்டீவ் மோர்ஸ். கீபோர்டில் டான் எய்ரி. இரண்டு பேர் பெயரும் உங்கள் எட்டில் கிடையாது. பந்தி முழுக்கப் பரிமாறியவனுக்கு மட்டும் இலை போடாமல் அனுப்பிவிட்ட மாதிரி இருந்தது எனக்கு.

இந்த இரண்டு பேரோடு நிக் சிம்ப்பரையும் டாமி போலினையும் விட்டிருக்கிறீர்கள். நான்கு பேர். அவர்களுக்காகத்தான் இந்த மடல்.

இந்த பேண்ட் எப்படிப் பிறந்தது என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது, ஆனாலும் எனக்காக ஒருமுறை நினைத்துப் பாருங்கள். 1967இல் 'தி சர்ச்சர்ஸ்' பேண்டின் பழைய ட்ரம்மர் கிறிஸ் கர்டிஸ் ஒரு யோசனையோடு டோனி எட்வர்ட்ஸ் என்ற லண்டன் வியாபாரியிடம் போகிறார். புதிதாக ஒரு பேண்ட், பெயர் ரவுண்டபவுட். நாம் குடை ராட்டினம் என்கிறோமே, அதுதான். நடுவில் கர்டிஸ் நிற்பார், மற்ற ஆட்கள் ஏறுவார்கள், சுற்றுவார்கள், இறங்குவார்கள், வேறு ஆட்கள் ஏறுவார்கள். பணம் போட எட்வர்ட்ஸும் சம்மதித்தார். லார்ட் வந்தார், ஜெர்மனியில் ஹாம்பர்கில் இருந்த பிளாக்மோரை வரவழைத்தார்கள். கூத்து என்னவென்றால், ராட்டினம் சுற்ற ஆரம்பிப்பதற்குள் நடுவில் நிற்க வேண்டிய மனிதரே இறங்கிப் போய்விட்டார். 1968 ஏப்ரலில் டென்மார்க்கில் முதல் கச்சேரிகள் நடந்தபோது கர்டிஸ் அங்கே இல்லை. பெயரும் மாறியது, பிளாக்மோரின் பாட்டிக்குப் பிடித்த ஒரு பழைய பாட்டின் பெயரை எடுத்து வைத்துக்கொண்டார்கள். ஏறி இறங்குகிற பழக்கம் மட்டும் போகவே இல்லை. தற்காலிகமாக வந்த கிட்டாரிஸ்ட் ஜோ சாட்ரியானியையும் சேர்த்தால் இதுவரை 15 பேர். அதில் ஒரு சுற்றுக்குக்கூட இறங்காதவர் ட்ரம்மர் பெய்ஸ் ஒருவர்தான். எந்தக் காலத்தில் யார் யார் என்று குழம்பாமல் இருக்கத்தான் ரசிகர்கள் மார்க் 1, மார்க் 2 என்று நம்பர் போட்டு வைத்திருக்கிறார்கள், இப்போது மார்க் 9 ஓடிக்கொண்டிருக்கிறது.

அதாவது லைன்அப் மாறுவது இந்த பேண்டுக்கு நேர்ந்த விபத்து இல்லை. பிறக்கும்போதே இருந்த குணம். இப்படிப்பட்ட பேண்டைப் பாராட்டக் கூப்பிட்டுவிட்டு, நமக்குப் பிடித்த சுற்றில் உட்கார்ந்திருந்தவர்களை மட்டும் எண்ணினால் எப்படி?

முதலில் சிம்ப்பர் கதை, ஏனென்றால் அதில்தான் உங்கள் கணக்கு எனக்குக் கொஞ்சமும் பிடிபடவில்லை. மார்க் 1இல் பாடகர் ராட் எவன்ஸ், பேஸ் நிக் சிம்ப்பர். சிம்ப்பர் சாதாரணமாக வந்தவர் இல்லை. 1966இல் பாடகர் ஜானி கிட் உயிரைப் பறித்த கார் விபத்தில் அதே காரில் இருந்து காயத்தோடு பிழைத்தவர். அப்புறம் 'ஃப்ளவர் பாட் மென்' டூர் பேண்டில் லார்டோடு சேர்ந்து வாசித்தவர், அந்தப் பழக்கத்தில்தான் பர்ப்பிளுக்கே வந்தார். எவன்ஸும் சிம்ப்பரும் ஒரே வருஷம் சேர்ந்தார்கள், அதே மூன்று ஆல்பங்களில் இருக்கிறார்கள், அமெரிக்காவில் 4ஆம் இடம் வரை போன 'ஹஷ்' இரண்டு பேருக்கும் பொது. 1969இல் வெளியே போனதும் ஒன்றாகத்தான். போனது என்ன, அனுப்பினார்கள். அதுவும் எப்படி? பகலில் லண்டன் ஹேன்வெல்லில் ஒரு சமூகக் கூடத்தில் புதிதாகப் பிடித்த கில்லனையும் க்ளோவரையும் வைத்து ரகசியமாக ஒத்திகை, ராத்திரியில் ஒன்றுமே தெரியாத எவன்ஸ், சிம்ப்பரோடு கச்சேரி. ஜூலை 4 அன்று கார்டிஃபில் பழைய லைன்அப்பின் கடைசிக் கச்சேரி, ஆறே நாளில் லண்டனில் புது லைன்அப்பின் முதல் கச்சேரி. (இதைப் படித்த நாளிலிருந்து, என் ஆபீசில் கதவைச் சாத்திக்கொண்டு மீட்டிங் நடந்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.)

இரண்டு பேருக்கும் ஒரே சாதனை, ஒரே அவமானம். அப்புறம் என்ன நடந்தது என்று பாருங்கள். சிம்ப்பர் வார்ஹார்ஸ் என்று சொந்தமாக ஒரு பேண்ட் கட்டினார். எவன்ஸோ 1980இல் அமெரிக்காவில் தான் ஒருவர் மட்டுமே பழைய ஆளாக இருந்த ஒரு கூட்டத்தோடு டீப் பர்ப்பிள் என்ற பெயரிலேயே டூர் கிளம்பினார். பர்ப்பிள் தரப்பு வழக்குப் போட்டது, 6,72,000 டாலர் நஷ்டஈடு என்று தீர்ப்பானது, எவன்ஸுக்கு ராயல்டியும் போயிற்று. அதற்குப் பிறகு மனிதர் பொதுவெளியிலேயே தலைகாட்டவில்லை, உங்கள் விழாவுக்கும் வரவில்லை. எவன்ஸைச் சேர்த்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை, அந்தக் குரல் இல்லாமல் 'ஹஷ்' கிடையாது. ஆனால் பேண்டின் பெயருக்காக கோர்ட் வரை போனவருக்கு உள்ளே இடம், கூடவே நின்று பேஸ் வாசித்தவருக்கு வாசலில்கூட இடமில்லை. ஏன்? பாடகர் முன்னால் நிற்கிறார், பேஸ் வாசிப்பவர் ஓரமாக நிற்கிறார், இதைத் தவிர எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை. விழா மேடையில் அன்று 'ஹஷ்' வாசித்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

மார்க் 2 பற்றி நான் உங்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' பாட்டாகவே ஆகிவிட்ட, ஸ்விட்சர்லாந்தின் மோன்ட்ரூ சூதாட்ட மாளிகை எரிந்த கதை உலகத்துக்கே தெரியும், ஒசாகாவிலும் டோக்கியோவிலும் 1972 ஆகஸ்டில் பதிவான 'மேட் இன் ஜப்பான்' லைவ் ஆல்பமும் தெரியும். 1973 ஜூனில் அதே ஒசாகாவில் கில்லனும் க்ளோவரும் விடைபெற்றார்கள். துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த கவர்டேலும் ட்ரபீஸ் பேண்டிலிருந்த ஹியூஸும் உள்ளே வந்தார்கள். இரண்டே வருஷத்தில் பிளாக்மோரும் போய்விட்டார், 1975 ஏப்ரலில், பாரிஸ் கச்சேரியோடு.

இங்கேதான் டாமி போலின். அமெரிக்கப் பையன், வயசு 24. பிளாக்மோர் காலி பண்ணின நாற்காலியில் உட்காருவது என்றால் என்ன என்பதை அவனைத் தவிர வேறு யாரும் அவ்வளவு கொடூரமாக அனுபவித்திருக்க மாட்டார்கள். 'கம் டேஸ்ட் தி பேண்ட்' ஆல்பத்தை எடுத்து, யார் எழுதினது என்று பாட்டுப் பாட்டாகப் பாருங்கள், முக்கால்வாசியில் அவன் பெயர் இருக்கும். இன்றைக்குக் கேட்டாலும் அதில் ஒரு ஆட்டம் இருக்கிறது, இடுப்பைச் சும்மா இருக்க விடாத ஒரு தாளம், பிளாக்மோர் கடைசிவரை வேண்டாம் என்று சொன்ன ஒன்று அது. மேடையில் நிலைமை வேறு. கூட்டம் பிளாக்மோர் பெயரைச் சொல்லிக் கத்தியது. 1975 டிசம்பரில் ஜகார்த்தாவில் பேண்டின் பாதுகாவலர் ஒருவர் லிஃப்ட் குழிக்குள் விழுந்து இறந்தார். அங்கிருந்து நேராக ஜப்பான், அங்கே போலினுக்கு இடது கை சரியாக வேலை செய்யவில்லை, அப்படியே வாசித்தான். 1976 மார்ச்சில் லிவர்பூலில் கடைசிக் கச்சேரி, பேண்ட் கலைந்தது. அந்த வருஷம் டிசம்பர் 4 அன்று மயாமியில் போதைப் பொருளால் செத்துப்போனான். 25 வயசு. மோன்ட்ரூ எரிந்ததும் ஒரு டிசம்பர் 4தான். இந்தத் தேதியை நான் மறப்பதே இல்லை, அதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது என்று தெரிந்தும்.

அதே ஆல்பத்தில் பாடிய கவர்டேல் உங்கள் பட்டியலில் இருக்கிறார், பேஸ் வாசித்த ஹியூஸ் இருக்கிறார், லார்டும் பெய்ஸும் இருக்கிறார்கள். ஐந்து பேரில் நாலு பேர். எழுதினவன் இல்லை. கவர்டேலும் ஹியூஸும் இன்னும் இரண்டு ஆல்பங்களில் இருக்கிறார்களே, போலின் ஒன்றில்தானே என்பீர்கள். நியாயம். அந்த ஒன்றுக்குப் பிறகு அவனுக்கு இருந்தது ஒரே வருஷம் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

இனி ஒரு வாக்குமூலம். நானும் பிளாக்மோர் கட்சிதான். அந்த ஜப்பான் லைவ் ஆல்பத்தை கேசட் தேயத் தேயக் கேட்டு, எந்த இடத்தில் கூட்டம் கத்தும், எந்த இடத்தில் கில்லன் இருமுவது போல மூச்சு வாங்குவார் என்றெல்லாம் மனப்பாடமாகத் தெரிந்த ஆள். 1984இல் பேண்ட் மறுபடி ஒன்றுசேர்ந்தபோது பிளாக்மோரும் திரும்பி வந்திருந்தார். 1993 நவம்பரில் ஹெல்சிங்கி கச்சேரியோடு பிளாக்மோர் டூரை நட்டாற்றில் விட்டுவிட்டுப் போனபோது தப்பு மற்றவர்கள் மீதுதான் என்று சண்டை போட்டவன். ஜப்பான் கச்சேரிகளுக்கு சாட்ரியானி வந்து காப்பாற்றினார், அவருக்கும் வேறு ஒப்பந்தங்கள் இருந்ததால் நிரந்தரமாகத் தங்க முடியவில்லை. 1994 நவம்பரில் மெக்ஸிகோவில் ஸ்டீவ் மோர்ஸ் மேடையேறினார். டிக்ஸி ட்ரெக்ஸ், கான்சஸ் என்ற பேண்டுகளில் பெரிய பெயரெடுத்தவர், நடுவில் சலித்துப்போய் விமானம் ஓட்டும் வேலைக்கே போய்வந்தவர். எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. 1996இல் 'பர்பெண்டிகுலர்' வந்தபோது நான் வாங்கவே இல்லை, வாங்கின நண்பனையும் கிண்டல் பண்ணினேன்.

இரண்டு வருஷம் கழித்து அவன் வீட்டில் வேறு எதற்கோ போனபோது 'சம்டைம்ஸ் ஐ ஃபீல் லைக் ஸ்க்ரீமிங்' ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பாட்டின் தொடக்கத்தில் கிட்டார் சத்தமே போடாது, யாரோ பக்கத்து அறையில் தனக்குத்தானே பேசிக்கொள்கிற மாதிரி வரும். நின்றபடியே முழுசாகக் கேட்டேன். நண்பன் ஒன்றும் சொல்லவில்லை, சிரிக்கவும் இல்லை, அதற்காக இன்றுவரை அவனுக்கு நன்றியோடு இருக்கிறேன். மோர்ஸ் பிளாக்மோர் மாதிரி வாசிக்கவில்லை என்பதுதான் என் புகாராக இருந்தது. அப்படி வாசித்திருந்தால் அந்த பேண்ட் 1995லேயே பழைய பாட்டு வாசிக்கிற கல்யாணக் குழுவாகப் போயிருக்கும்.

கொஞ்சம் கூட்டிக் கழித்துப் பாருங்கள். பிளாக்மோர் இருந்தது 1968 முதல் 75 வரை, அப்புறம் 1984 முதல் 93 வரை. மொத்தம் சுமார் 16 வருஷம். உங்கள் விழா நடந்த நாளில் மோர்ஸுக்கு 21 வருஷம் முடிந்திருந்தது, ஐந்து ஸ்டுடியோ ஆல்பங்கள் வந்திருந்தன. 2022இல் மனைவிக்குப் புற்றுநோய் என்பதால் விலகினார், அதுவரை கிட்டத்தட்ட 28 வருஷம், கடைசிக் காலத்தில் வலது மணிக்கட்டில் மூட்டுத் தேய்மானத்தோடு. ஊர் ஊராகப் போய், ஒவ்வொரு ராத்திரியும் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' வாசித்து, அது நான் எழுதினது இல்லை என்று தெரிந்தும் அதை முதல் தடவை வாசிக்கிற மாதிரி வாசிப்பது சின்ன வேலை இல்லை.

எய்ரியும் அப்படித்தான். பிளாக்மோரின் இன்னொரு பேண்டான ரெயின்போவில் வாசித்தவர், ஆஸி ஆஸ்போர்னின் 'மிஸ்டர் க்ரௌலி' தொடக்கத்தில் கோயில் இருட்டு மாதிரி வருமே அந்தக் கீபோர்ட், அது இவர் கை. 2001இல் லார்டுக்கு முழங்காலில் அடிபட்டபோது இடத்தைப் பார்த்துக்கொள்ள வந்தார், 2002இல் லார்ட் தானாகவே ஓய்வு கேட்டு விலகியதும் நிரந்தரமானார். அந்த விடைபெறும் டூரில் இரண்டு பேரும் ஒரே மேடையில் வாசித்தார்கள். லார்டே உட்காரவைத்துவிட்டுப் போன நாற்காலி அது. அதில் உட்கார்ந்தவரை நீங்கள் 14 வருஷம் கழித்தும் தற்காலிக ஆளாகத்தான் பார்த்திருக்கிறீர்கள்.

எங்கள் விதி அப்படி, பேண்டின் முக்கியக் காலத்தில் இருந்தவர்கள்தான் என்று சொல்வீர்கள். அப்படி ஒரு விதி இருந்தால் அதை மற்ற எல்லாருக்கும் மறந்துவிட்டீர்கள். 1994இல் கிரேட்ஃபுல் டெட்டில் 12 பேரைச் சேர்த்தீர்கள், அதில் 1990இல் வந்த வின்ஸ் வெல்னிக்கும் உண்டு, பாட்டு எழுதிக்கொடுத்த ராபர்ட் ஹண்டரும் உண்டு. 2012இல் ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸோடு ஜாஷ் க்ளிங்ஹாஃபரைச் சேர்த்தீர்கள், வந்து மூன்று வருஷம்கூட நிறையவில்லை. 1989இல் ரோலிங் ஸ்டோன்ஸோடு இயன் ஸ்டூவர்ட்டைச் சேர்த்தீர்கள், 1963லேயே மேனேஜர் அவரை லைன்அப்பிலிருந்து எடுத்துவிட்டார், ஆனாலும் சாகும்வரை அந்த பேண்டின் வண்டியையும் பியானோவையும் பார்த்துக்கொண்டார் என்பதை மதித்துச் சேர்த்தீர்கள், அதற்கு என் கும்பிடு. இன்னொன்று, பர்ப்பிளை உங்கள் மேடையில் அறிமுகம் செய்து பேசியவர் மெட்டாலிகாவின் லார்ஸ் உல்ரிக். 2009இல் அவருடைய பேண்டைச் சேர்த்தபோது, ஆறு வருஷமே ஆன பேஸ் வாசிப்பாளர் ராபர்ட் ட்ருஹியோவும் உள்ளே போனார். ஆறு வருஷம் போதும் என்றால் 21 எங்கே குறைந்தது?

எல்லாரையும் சேர்த்தால் எங்கே நிறுத்துவது என்ற கேள்வி நியாயமானது, அதையும் பார்த்துவிடலாம். சாட்ரியானி ஸ்டுடியோ ஆல்பம் எதிலும் வாசிக்கவில்லை. இப்போதைய கிட்டாரிஸ்ட் சைமன் மெக்ப்ரைட் உங்கள் விழாவுக்குப் பிறகு வந்தவர். மிச்சம், முன்பு ரெயின்போவில் பாடிய ஜோ லின் டர்னர். 1990இல் ஒரு ஆல்பம் பாடினார், எனக்கு அது பிடிக்காது, ரெயின்போ ரெக்கார்ட் தப்பான உறையில் வந்துவிட்டதோ என்று தோன்றும். போலினுக்கு ஒரு ஆல்பம் போதும் என்று வாதாடிவிட்டு டர்னரை விடுவது எனக்கே உறுத்துகிறது. அவரையும் சேர்த்தால் நான் சண்டைக்கு வரமாட்டேன், ஆனால் கொடி பிடிக்கவும் மாட்டேன். இவ்வளவு சொந்த விருப்பு வெறுப்பு எனக்கு இருக்கலாம். நான் குழு உறுப்பினன் இல்லையே.

தப்பு நடந்தால் திருத்த உங்களுக்குத் தெரியும் என்பதுதான் இந்த மடலை எழுதக் காரணமே. ஸ்மோக்கி ராபின்சனை 1987இல் சேர்த்தீர்கள், அவரோடு பாடிய மிராக்கிள்ஸை விட்டீர்கள். ஜேம்ஸ் பிரவுனை எடுத்து ஃபேமஸ் ஃப்ளேம்ஸை விட்டீர்கள், பட்டி ஹாலியை எடுத்து க்ரிக்கெட்ஸை விட்டீர்கள். கால் நூற்றாண்டு திட்டு வாங்கினபிறகு, 2012இல் தனியாக ஒரு குழுவைக் கூட்டி, இப்படி விடுபட்ட ஆறு குழுக்களை ஓட்டெடுப்பு இல்லாமலே ஒரே நாளில் உள்ளே கொண்டுவந்தீர்கள். அதே கதவை இன்னொரு தடவை திறந்தால் போதும், புது விதி ஒன்றும் எழுத வேண்டாம்.

தாமதம் மட்டும் வேண்டாம், அதில் உங்கள் கைராசி சரியில்லை. முதல் ரெக்கார்ட் வந்து 25 வருஷம் ஆனால் தகுதி என்பது உங்கள் விதி. பர்ப்பிளுக்கு அது 1993. முதல் தடவையாக நீங்கள் அவர்களைப் பரிந்துரைப் பட்டியலில் போட்டது 2012 அக்டோபரில். லார்ட் இறந்தது அந்த வருஷம் ஜூலை 16. மூன்றே மாதம் பிந்திவிட்டீர்கள். அதன்பிறகும் இரண்டு தடவை தோற்கவைத்து மூன்றாம் தடவை எடுத்தீர்கள். சிம்ப்பர் 1945இல் பிறந்தவர், எய்ரி 1948, மோர்ஸ் 1954. போலினுக்கு இனி அவசரம் கிடையாது.

பதிலைத் தமிழில் எழுதச் சிரமப்பட வேண்டாம். அந்த நான்கு பெயர்களை மட்டும் போடுங்கள், எந்த மொழியில் இருந்தாலும் எனக்குப் படிக்கத் தெரியும்.

இப்படிக்கு,
இன்னமும் பிளாக்மோர் கட்சியிலேயே இருக்கும் ஒரு ரசிகன்